ஒரே குழியில் இரண்டு பணியாரம்

அந்த இயந்திரத்தை நேரில் வந்து திட்டிய முதல் ஆள் இசக்கித்தாய்தான். மாவட்டத்து ஆசிரியர்களுக்கு இடமாறுதல் போட்டபடி மூன்று வருடமாக அது ஓடுகிறது. அமைச்சர் வந்து மாலை போட்டிருக்கிறார், கல்லூரிப் பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலையும் படைத்தாயிற்று. திட்டுவதற்கு மட்டும் யாரும் வந்ததில்லை.

"இதானா அது? இதுக்குள்ளயா எங்க பள்ளிக்கூடத்த முழுங்கி வச்சிருக்கு?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குழாய்களையும் சிவப்பு ஒளிக்கீற்றுகளையும் பார்த்துக் கேட்டாள் இசக்கித்தாய். "நல்லா இருப்பியா நீ? பதினோரு பிள்ளைய நடுத்தெருவுல நிறுத்திட்டு மினுக்கிட்டு நிக்க!"

இயந்திரத்துக்குப் பதிலாக அதை இயக்கும் செண்பகவல்லிதான் ஓடி வந்தாள். முப்பத்து நான்கு வயது, இயற்பியலில் முனைவர் பட்டம், பாளையங்கோட்டைக்குத் தெற்கே அந்தக் குளிரூட்டிய கட்டடத்தில் தனி ராஜ்யம். திட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள்.

"அக்கா, மொதல்ல உக்காருங்க. என்ன விஷயம்?"

விஷயம் இதுதான். இசக்கித்தாய் மந்திப்பொத்தை என்கிற மலையடி ஊரில் சத்துணவு அமைப்பாளர். அங்கே ஓராசிரியர் தொடக்கப்பள்ளி. போன வருடம் இருந்த ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், புதிதாக யாரும் வரவில்லை. ஜூன் முப்பதுக்குள் ஆசிரியர் வராவிட்டால் பள்ளியை மூடி, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். நடுவில் ஓர் ஓடை வேறு. ஏற்கெனவே மூன்று பிள்ளைகளை வீட்டில் பயந்து சித்தி வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் பதினோரு பேர். அன்றைக்குத் தேதி ஜூன் பதினெட்டு.

"நானும் தெனமும் கதவத் தொறக்கேன், சோறாக்கிப் போடுதேன், பாத்திரத்தக் கழுவி வச்சிட்டுக் கதவச் சாத்துதேன். பள்ளிக்கூடத்துல எல்லாம் இருக்கு, பாடம் மட்டும் இல்ல. ஆபீஸ்ல போயிக் கேட்டா, 'நாங்க என்னம்மா செய்ய, மெஷின் போட்டது'ங்காவ. மேல கேட்டா அங்கயும் மெஷினுங்காவ. சரி, அந்த மெஷினையே கேப்போம்னு பஸ் ஏறி வந்துட்டேன்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே குற்ற உணர்ச்சியும். அந்த இரண்டாவது உணர்ச்சிக்குக் காரணம் இருந்தது. அதை அவள் ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"இது எப்படி ஆள் போடுது? அதையாவது சொல்லு தாயி."

"குழிப்பணியாரச் சட்டி இருக்குல்லா அக்கா? இது உள்ள ஒரே வரிசையா முந்நூறு குழி இருக்கு. குழி இரும்புல இல்ல, வெளிச்சத்துல பண்ணுனது. ஒவ்வொரு குழியும் ஒரு பள்ளிக்கூடம். மாவுக்குப் பதிலா அணு. ரூபிடியம்னு பேரு. ஒவ்வொரு அணுவும் ஒரு வாத்தியார்."

"வாத்தியார ஊத்திப் பணியாரமாக்கும்!"

"மொதல்ல குழியெல்லாம் ஆழமில்லாம இருக்கும். கடுங்குளிர்ல அணுவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரே மாவாட்டம் சட்டி முழுக்கப் பரவிக் கெடக்கும். எந்த அணு எந்தக் குழியிலன்னு கேட்டா எல்லாக் குழியிலயுந்தான். அப்புறம் மெல்ல மெல்லக் குழியை ஆழமாக்கணும். ஒண்ணுக்கொண்ணு பிடிக்காத சாதி இது, ஒரே குழியில ரெண்டு இருக்கச் சம்மதிக்காது. அதனால தானாவே பிரிஞ்சு குழிக்கு ஒண்ணா உக்காந்துரும். ஒத்தை வரிசைங்கறதால ஒருத்தர ஒருத்தர் தாண்டவும் முடியாது. சீனியர் சீனியராவே இருப்பாவ. அவங்கவங்க எழுதிக் குடுத்த விருப்பத்துக்கு ஏத்த மாதிரி குழியச் சாய்ச்சு வச்சிருப்போம். எல்லாருக்கும் கூடுனவரை நல்லதா எது அமையுமோ அதுல போயி நிக்கும்."

இசக்கித்தாய் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "சிபாரிசு?"

"அணுவுக்கு மாமன் மச்சான் கிடையாதே அக்கா."

அதுதான் இந்த இயந்திரத்தின் பெருமை. 'மனிதக் கை படாத மாறுதல்' என்று வாசலில் பலகையே மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் மே மாதம் வந்தால் ஆசிரியர்கள் வட்டம், மாவட்டம், கட்சி ஆபீஸ் என்று செருப்புத் தேய அலைவார்கள். இப்போது யாரும் யார் வீட்டு வாசலிலும் நிற்பதில்லை. அரசாணை கறாராகச் சொல்லியிருந்தது: இயந்திரம் தந்த இடத்தை எந்த அலுவலரும் மாற்ற முடியாது. தேவைக்கு மேல் இருக்கும் 'உபரி' ஆசிரியர் தானே விரும்பி எழுதிக் கொடுத்தாலோ, மனிதப் பிழை நிரூபணமானாலோ மட்டுமே திருத்தலாம். மூன்று வருடத்தில் யாரும் எதையும் நிரூபித்ததில்லை. மனிதரே இல்லாத இடத்தில் மனிதப் பிழைக்கு எங்கே போவது!

"அப்ப எங்க குழி மட்டும் ஏன் காலி?" என்றாள் இசக்கித்தாய்.

"பக்கத்துக் குழியில ரெண்டு பேர் விழுந்துட்டாங்க."

"பிடிக்காத சாதின்னியே?"

செண்பகவல்லி தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் எழுந்து போனாள்.

உண்மை இவ்வளவுதான். மே மாதம், மாறுதல் போட்ட புதன்கிழமை காலையில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் எல்லாம் தாமதம். குழியை ஆழமாக்க நாற்பது நிமிடம் வேண்டும். நிதானமாக ஏற்றினால்தான் ஒவ்வோர் அணுவும் தன் இடத்தைத் தேடி உட்காரும், அவசரப்படுத்தினால் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் மணி பதினொன்று நாற்பத்தைந்து. பன்னிரண்டுக்கு ராகு காலம். மாவட்டக் கல்வி அலுவலர் தாணுலிங்கம் தங்கமான மனிதர், யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டார். கடிகாரத்தைப் பார்த்து, "எம்மா, முந்நூறு குடும்பம்மா. நல்ல நேரத்துல முடிச்சிருவோமே" என்று மட்டும்தான் சொன்னார். செண்பகவல்லி நாற்பதைப் பன்னிரண்டாக்கிவிட்டாள். தவறு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். முந்நூறில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு நல்ல இடமாகவே அமைந்தது. ஒரு குழியில் இரண்டு, பக்கத்துக் குழியில் பூஜ்யம். இதைச் சொன்னால் இயந்திரத்தின் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும், மறுபடியும் சிபாரிசுக் காலம் வந்துவிடும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் கையிலிருந்து இயந்திரம் போய்விடும் என்பதும் அதில் ஒரு காரணம். அதைத் தனக்கும்கூட அவள் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு இசக்கித்தாய் சொன்னாள்: "நீயாவது உக்கார வச்சுப் பேசுன தாயி. ஆனா எனக்கு இன்னும் தெரியல, நான் யாருகிட்ட சண்டை போடணும்னு."

மறுநாள் செண்பகவல்லி வாகைநேரிக்குப் பேருந்து ஏறினாள். இரண்டு பேர் விழுந்த குழி அதுதான்.

ஓர் ஆசிரியர் போதுமான அந்தப் பள்ளியில் ஒரே அறை. கிழக்குச் சுவரில் ஒரு கரும்பலகை, மேற்குச் சுவரில் ஒன்று. நடுவில் இருபது பிள்ளைகள், டென்னிஸ் ஆட்டம் பார்ப்பவர்களைப் போலக் கழுத்தைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே ஜெபமணி டீச்சர், ஐம்பத்து நான்கு வயது, கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிவிட்டுப் பார்ப்பவர். மேற்கே கோமதிநாயகம் சார், அதே வயது, வேட்டி மடிப்புக் கலையாதவர்.

"நாப்பத்தி ரெண்டுல பதினேழு போகணும். ரெண்டுல ஏழு போகாது. பக்கத்துல கடன் வாங்கணும்" என்றார் ஜெபமணி.

"எதுக்குக் கடன்? மானமா வாழப் படிங்க பிள்ளைகளா. பதினேழுல இருந்து இருபதுக்கு மூணு. இருபதுல இருந்து நாப்பத்தி ரெண்டுக்கு இருபத்தி ரெண்டு. மொத்தம் இருபத்தி அஞ்சு, முடிஞ்சுபோச்சு" என்றார் கோமதிநாயகம்.

"கேள்வித்தாள்ல அப்படிப் போட்டா மார்க் யாரு போடுவா, உங்க தாத்தாவா?"

"திருத்துறதே நாமதான டீச்சர்!"

பிள்ளைகளில் ஒருத்தி இரண்டு விதமாகவும் போட்டு, விடை ஒன்றாக வந்ததைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் செண்பகவல்லி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மந்திப்பொத்தைக்கு யாராவது ஒருவர் விருப்பக் கடிதம் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். இருவரும் ஒரே குரலில் "முடியாது" என்றார்கள்.

காரணத்தை ஜெபமணி சொன்னார். "உபரி ஆசிரியர்னு யாரு எழுந்து போறாங்களோ அவங்க ஜூனியர்னு ஆயிரும் பாத்துக்கோ. முப்பத்தியோரு வருஷமா இதுக்குத்தான் கேஸு நடக்கு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம், ஒரே முற்பகல்ல. பிறந்த தேதியும் ஒண்ணு. பதிவேட்டுல என் கையெழுத்து மேல இருக்கு."

"மேல இருக்கு, ஏன் இருக்கு?" என்று பாய்ந்தார் கோமதிநாயகம். "இந்தம்மா பேனா கொண்டாரல. பொம்பளப்பிள்ளை நிக்காளேன்னு எம் பேனாவ நான் குடுத்தேன். குடுத்த பாவத்துக்கு நான் ஜூனியரா?"

"நீதிமன்றம் என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"ரெண்டு பேரையும் வேறுபடுத்த முடியலன்னு சொல்லிருச்சு" என்றார் ஜெபமணி வெறுப்போடு.

செண்பகவல்லி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். அவளுடைய அணுக்களும் அப்படித்தான். ஒன்றை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்தவே முடியாது. வரிசையில் இவர்கள் இருவரும் எப்போதும் அடுத்தடுத்துத்தான் நின்றிருப்பார்கள். அவசரத்தில் சுவர் எழும்பியபோது ஒரே குழிக்குள் சிக்கியது இவர்களாகத்தான் இருக்க முடியும்.

"சார், டீச்சர், மந்திப்பொத்தையில பதினோரு பிள்ளைங்க இருக்காங்க. இன்னும் பத்து நாள்ல பள்ளிய மூடிருவாங்க."

இருவர் முகமும் வாடியது. அது நடிப்பில்லை. கோமதிநாயகம் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தார். "எங்களுக்கு மட்டும் மனசு இல்லையா? இவங்க ஒரு வார்த்தை 'சார், நீங்கதான் சீனியர்'னு சொல்லிட்டுப் போகட்டும், நானே பஸ் ஏத்தி விடுதேன்."

"அவரு சொல்லட்டும்" என்றார் ஜெபமணி.

ஒருவரை ஒருவர் தள்ளுகிற இரண்டு பேர் ஏன் ஒரே அறையில் கிடக்கிறார்கள் என்பது செண்பகவல்லிக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. ஆய்வகத்தில் அவள் பலமுறை பார்த்த விஷயம்தான்.

"டீச்சர், எங்க மெஷின்ல ஒரு வேடிக்கை உண்டு. பிடிக்காத ரெண்டு அணு ஒரே குழியில மாட்டிக்கிட்டா உடனே பிரிஞ்சு ஓடும்னுதான் நினைப்போம். ஓடாது. பிரிஞ்சா, அதுக ரெண்டுக்கும் நடுவுல இருந்த அந்தச் சண்டையோட வேகம் எங்கயாவது போயாகணும். குழிக்குள்ள அவ்வளவு வேகத்த ஏத்துக்க ஆளில்ல. அதனால பிடிக்காமலே சேந்து கெடக்கும், எவ்வளவு நேரமானாலும்."

"பாவம்" என்றார் கோமதிநாயகம், தன்னைப் பற்றி என்று தெரியாமல்.

"அப்ப அதுகளப் பிரிக்கவே முடியாதா?" என்று கேட்டார் ஜெபமணி.

"மூணாவதா ஒண்ணு வந்து அந்த வேகத்த வாங்கிக்கிட்டா பிரியும்."

யார் அந்த மூன்றாவது என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாகத் தெரியும்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க விழுந்தது விதியுமில்ல, மெஷினுமில்ல. நான்தான். நாப்பது நிமிஷம் எடுக்க வேண்டிய வேலைய ராகு காலத்துக்கு முன்னால முடிக்கணும்னு பன்னெண்டு நிமிஷத்துல முடிச்சேன். தெரிஞ்சே செஞ்சேன்."

அப்புறம் பாருங்கள், முப்பத்தியோரு வருடத்துச் சண்டையும் ஒரே வாசல் வழியாக வெளியே வந்தது. ஜெபமணி டீச்சருக்கு ஆத்திரத்தில் கண்ணாடி கழன்று கீழே விழுந்தது. அதைக் கோமதிநாயகம் எடுத்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே கத்தினார்.

"படிச்ச பிள்ளைதானம்மா நீ? பதினோரு பிள்ளைக படிப்பு உனக்கு விளையாட்டா?"

"கேளுங்க சார், நல்லாக் கேளுங்க!" என்றார் ஜெபமணி.

"கேக்காம விடுவனா டீச்சர்?"

செண்பகவல்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அழுகை வந்தது, அழவும் செய்தாள். ஆனால் ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் நகர்ந்துவிட்டதும் உண்மை. அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இதையெல்லாம் எழுத்துல குடுங்க. என் மேல புகார். மனிதப் பிழைன்னு நிரூபணமானாத்தான் அலுவலர் உத்தரவத் திருத்த முடியும். திருத்தம்னு வந்தா போறவங்க உபரியில்ல, ஜூனியரும் இல்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் வேலை போயிருமேம்மா" என்றார் ஜெபமணி, குரல் இறங்கி.

"போகாது டீச்சர். மெஷின்தான் கையவிட்டுப் போகும்." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு நிஜமாகவே வலித்தது. அந்தக் குளிர் அறையில் முதன்முதலாக அணுக்கள் ஒவ்வொன்றாகக் குழியில் உட்கார்ந்ததைத் திரையில் பார்த்த நாளில், அவள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் சந்தோஷமாக இருந்தவள்.

புகார் எழுத ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஜெபமணி சொல்ல கோமதிநாயகம் எழுதினார், கோமதிநாயகம் எழுதியதை ஜெபமணி அடித்தார், அடித்ததற்கு மேல் மறுபடி எழுதினார்கள். இயந்திரத்தைப் பற்றித் தப்பாக இருந்த இரண்டு வரியைச் செண்பகவல்லியே திருத்திக் கொடுத்தாள். கடைசியில் ஒரே வரியில், அருகருகே, மேலும் கீழும் இல்லாமல் இரண்டு கையெழுத்து விழுந்தது. வெளியே பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்த அதிசயத்தைப் பார்த்தார்கள்.

தாணுலிங்கம் புகாரை இரண்டு முறை படித்தார். ராகு காலம் என்ற சொல் வந்த இடத்தில் விரலை வைத்தார். யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்கவில்லை. அவர் பெயரே அதில் கிடையாது.

"இதுல ஒரு ஆள் குறையுதேம்மா" என்றார்.

"சார், அதெல்லாம் வேண்டாம். ஓய்வு பெற எட்டு மாசம் இருக்கு உங்களுக்கு."

"எட்டு மாசந்தான இருக்கு, அதுக்குப் பொய் வேற சொல்லணுமா?" என்று புகாரின் ஓரத்தில், அவசரப்படுத்தியது தானே என்று எழுதித் தேதி போட்டார். மேலிடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து ஜூன் இருபத்தொன்பதாம் தேதி மாலை மூன்று தாள்கள் வந்தன. ஒன்றில் தாணுலிங்கத்துக்குக் கண்டனம். இன்னொன்றில் செண்பகவல்லி ஒரு வருடத்துக்கு இயந்திரத்தைத் தொடக் கூடாது, மாறுதல் பற்றிக் குறை சொல்ல வருபவர்களை உட்காரவைத்துக் கேட்கிற மேசையில் இருக்க வேண்டும் என்று இருந்தது. அப்படி ஒரு மேசை அதுவரை கிடையாது. மூன்றாவது தாளில், பிழை திருத்தமாக, விருப்பப் பட்டியலில் மந்திப்பொத்தையை இரண்டாவதாக எழுதியிருந்த ஜெபமணி டீச்சருக்கு அந்தப் பள்ளி.

முப்பதாம் தேதி சனிக்கிழமை. விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக மந்திப்பொத்தையில் அன்றைக்கு வேலைநாள். செண்பகவல்லி புது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இசக்கித்தாய் போனில் கூப்பிட்டாள்.

"தாயி, வந்துட்டாவ!"

"டீச்சர் வந்துட்டாங்களா அக்கா? எத்தனை மணிக்கு?"

"மொத பஸ்ல. ஒரு ஆளுன்னுல்லா சொன்ன? இங்க ரெண்டு பேருல்லா வந்து எறங்கியிருக்காவ!"

"ரெண்டு பேரா? சாருமா?"

"வேட்டி கட்டுன சார். அவுக பள்ளிக்கூடம் இன்னைக்கு லீவாம். 'டீச்சர் கழித்தல் சொல்லிக்குடுக்கறதுல எனக்கு நம்பிக்கையில்ல, பிள்ளைகளப் பாழாக்கிருவாங்க, சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து சரிபண்ணிட்டுப் போவேன்'னு சொல்லுதாரு. டீச்சரு, 'யாரு கூப்ட்டா உங்கள'ன்னு கேட்டுக்கிட்டே பையில இருந்து இன்னொரு டம்ளர எடுத்துக் காப்பி ஊத்துதாவ. நீ பிரிச்சு விட்டுட்டேன்னு சொன்னியே?"

செண்பகவல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். குழிக்குள் மாட்டிய அந்த அணு ஜோடியைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. பிரிந்து போகாதே தவிர, மெதுவாக, இரண்டும் சேர்ந்தே பக்கத்துக் குழிக்கு நகரும். வாகைநேரியில் அன்றைக்கு அழுத அழுகையில் அவள் இதைச் சொல்ல மறந்திருந்தாள். இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"சத்தம் கேக்குதா? கேளு" என்று இசக்கித்தாய் போனை வகுப்பறைப் பக்கம் நீட்டினாள். கடன் வாங்கணும் என்று ஒரு குரல், வாங்காதீங்க பிள்ளைகளா என்று இன்னொரு குரல், நடுவில் பிள்ளைகளின் சிரிப்பு. செண்பகவல்லிக்கு மனசு நிறைந்துபோனது. அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பதினோரு பேரும் வந்திருக்காங்களா?"

"பதினோரு பேரா? பயந்து போயிச் சித்தி வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் அனுப்புனோமே மூணு, அதுகளயும் நேத்து ராத்திரியே வீட்டாளுவ போயிக் கூட்டியாந்துட்டாவ. பதினாலு தாயி. நான் போயி அரிசி கூடப் போடணும், வைக்கட்டா?"